மூன்றாம் படியில் ஒரு மாப்பிள்ளை

என் வாழ்நாளில் யாரையும் கலந்துகொள்ளாமல், நாலு பேர் முன்னால், நிமிர்ந்து உட்கார்ந்து நான் அறிவித்த முடிவு ஒன்றே ஒன்றுதான். அது தப்பான முடிவு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முடிவுகளை வேறொருவர் எடுக்கிறார். இரண்டு பேருக்கும் இது சௌகரியமாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வலியசாலையில் அம்மாவும் நானும். இரண்டு வீடு தள்ளி அக்காவும் அத்திம்பேரும். நான் பயந்த சுபாவம் என்று சொன்னால் அது என்னைப் புகழ்வது போலாகும். பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று குரல் கொடுக்கக் கூசி, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து நடந்து திரும்புகிறவன் நான். சலூனில் "போரும்" என்று சொல்ல நா எழாமல் ஏறக்குறைய மொட்டையாக வீட்டுக்கு வந்திருக்கிறேன். (அம்மா என்னைப் பார்த்துவிட்டு, பழனிக்கு எப்போது வேண்டிக்கொண்டேன் என்று யோசித்தாளாம்.) ஒருநாள் ஆபீசில் மேலதிகாரி ஒரு குறிப்பை எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். "மேற்படி" என்ற முதல் வார்த்தையோடு குரல் நின்றுவிட்டது. மீதியை பியூன் வாசித்தான்.

அந்த வாரமே கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்ந்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை இரண்டு மணி நேரம். மாஸ்டருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. பம்பாயில் இருந்துவிட்டு வந்த மலையாளி. கால்சட்டையின் கீழ்ப்பாகம் தரையைப் பெருக்கும். முதல் நாளே கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, கடிகாரம் போலப் பன்னிரண்டு புள்ளி வைத்தார். உலகத்தில் எந்த வீரனின் கதையை எடுத்தாலும் இந்த வட்டம்தானாம். வீரன் முதலில் நம்மைப் போலச் சாதாரண உலகத்தில் இருப்பான். அவனுக்கு ஓர் அழைப்பு வரும். அதை முதலில் மறுப்பான். பிறகு வழிகாட்டி வருவார். வீரன் கிளம்புவான், வாசல் காக்கும் அரக்கனைத் தாண்டுவான், சோதனைகள், இருட்டுக் குகை, ஒன்பதாம் படியில் பரிசு, பன்னிரண்டாம் படியில் அமுதத்தோடு ஊர் திரும்புவான்.

"உங்கள் கதைக்கு நீங்கள்தான் வீரன். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்" என்றார் மாஸ்டர். நாங்கள் பதினோரு பேர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர், தான் நாலு வருஷமாகக் குகையில் இருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் வட்டம் போட்டு, "ஒன்று: சாதாரண உலகம். அம்மா, வலியசாலை, ரசம்" என்று எழுதினேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு ஜாதகத்தோடு வந்தாள். பெண் பெயர் வசந்தா. அப்பா சிவராமன், பொன்முடியில் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ஹெட் கிளார்க். இருபது வருஷமாக மலையிலேயே குடித்தனம். கோட்டைக்குள் அவர்கள் மாமா வீட்டில் பெண் பார்க்க ஏற்பாடு. மூன்றாவது ஞாயிறு, வகுப்பு முடிந்த கையோடு போக வேண்டியது.

நான் நோட்டை எடுத்து "இரண்டு: அழைப்பு. வசந்தா" என்று எழுதினேன். அடுத்த வரியில், "மூன்று: மறுப்பு. கட்டாயம். பயப்படாமல் செய்யவும். இரண்டாம் தடவை கேட்பார்கள்."

என்னை முழு மூடன் என்று தள்ளிவிடாதீர்கள், முக்கால் மூடன்தான். வலியசாலையில் வளர்ந்தவனுக்கு இந்த மூன்றாம் படி ரத்தத்தில் ஊறியது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனால், "காப்பி சாப்பிடறியா?" என்பார்கள். "வேண்டாம் மாமி, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். "ஒரு வாய்தான்" என்பார்கள். "அய்யோ, வேண்டவே வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குள் டம்ளர் கையில் இருக்கும். முதல் தடவையே வேணும் என்று சொல்கிற பையனைப் பற்றி அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். பம்பாய் மாஸ்டர் சொன்னதும் எங்கள் தெரு சொன்னதும் ஒன்றாக இருந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கோட்டைக்குள் வீட்டில் சொஜ்ஜி, பஜ்ஜி ஆயிற்று. வசந்தா வந்து நமஸ்காரம் பண்ணி என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மலைக்குளிரில் இருந்து வந்தவளுக்கு எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சிவராமன் மாமா, "ஏதாவது கேக்கணும்னா கேளு" என்றார் மகளிடம். எல்லாப் பெண்களும் அந்த இடத்தில் தலையைக் குனிவார்கள். இவள் என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸுல உங்களுக்குத் தலை சுத்துமோ? எங்காத்துக்கு வரணும்னா இருபத்திரண்டு வளைவு உண்டு."

"சுத்தாது" என்றேன். (ஊருக்குள்ளேயே இருக்கிற சாஸ்தமங்கலம் போகிற பஸ்ஸிலேயே எனக்குச் சுற்றும்.) அவளுக்கு அது பொய் என்று தெரிந்துவிட்டது. சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் முடிந்துபோயிற்று. கட்டினால் இவளைத்தான் என்று உள்ளங்கால்வரை தெரிந்தது. இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லக் காரணம், அடுத்து நான் செய்த காரியம் அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

சாதாரணமாக இந்த இடத்தில், "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிக் கிளம்புவது வழக்கம். சிவராமன் மாமா அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நான் மலைலேர்ந்து வரவன், கேட்டேளா. லெட்டர் ஏறி வரதுக்குப் பத்து நாளாகும். மனசுல உள்ளதை இப்பவே சொல்லிடுங்கோ. உங்களுக்கு சம்மதமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். மூன்றாம் படி, மூன்றாம் படி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்லை மாமா. வேண்டாம்" என்றேன்.

வார்த்தை தெளிவாக, கணீரென்று வந்தது. என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பிறகு இரண்டாம் தடவை கேட்பதற்காகப் புன்னகையோடு காத்திருந்தேன்.

சிவராமன் மாமா, "செரி" என்றார். அவ்வளவுதான். வசந்தா எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். என் டம்ளரில் பாதிக் காப்பி இருந்தது; அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி மெதுவாகக் குடித்தேன். வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி, காலுக்கு முன்னால் கிடந்த செருப்பை ஐந்து நிமிஷம் தேடினேன். உள்ளே சிவராமன் மாமா, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தெருமுனை திரும்பியதும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்கு என்னடா ஆச்சு சேது? பொண்ணைப் பாத்து ஈன்னு இளிச்சுண்டு இருந்தயே."

"திரும்பக் கேப்பா அக்கா."

"யாரு கேப்பா? எதுக்குக் கேப்பா?"

மலையிலே இருபது வருஷம் இருந்தவர்களிடம் எங்கள் தெரு வழக்கம் தேய்ந்துபோயிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு பஸ் வருகிற ஊரில் யாரும் எதையும் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த வாரம் முழுக்கத் தபால்காரர் தெருவில் நுழைகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன்; மற்ற நேரத்தில் நோட்டில் பாக்கிப் படிகளை நிரப்புவேன். அம்மா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். சாதத்தை மட்டும் பேசாமல் போட்டாள். நாலாவது ஞாயிறு வகுப்பில், எல்லாரும் போகும்வரை காத்திருந்து மாஸ்டரிடம் கேட்டேன். "வீரன் மறுத்தால், எத்தனை நாளில் மறுபடி கூப்பிடுவார்கள்?"

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் பதில் சொன்னார். தமிழில் தருகிறேன்: "சில வீரர்களை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும். அப்படி முடிந்த கதைகளைத்தான் நாம் கேள்விப்படுவதே இல்லையே."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை அக்கா கோவிலிலிருந்து நேராக வந்தாள். "அந்தப் பொண்ணுக்கு நாகர்கோவில் வரன் ஒண்ணு வந்திருக்காம். என்ஜினீயராக்கும். வர ஞாயித்துக்கிழமை மலைக்கே போய்ப் பாக்கறாளாம்" என்று என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. பயம் எனக்குப் பழகின சமாச்சாரம்தான், ஆனால் இதுவரை பயந்ததெல்லாம் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்று. செய்யாமல் விட்டதற்காகப் பயந்தது இதுவே முதல் தடவை.

ஐந்தாவது ஞாயிறு வகுப்புக்கு நான் போகவில்லை. நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிழக்கேகோட்டையில் பொன்முடி பஸ் ஏறினேன். விதுரை தாண்டி வளைவுகள் தொடங்கின. மூன்றாவது வளைவில் கண்ணை மூடினேன். ஏழாவதில் வாயை மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தாங்கோ, இதை மோந்து பாருங்கோ" என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, ஜன்னல் சீட்டையும் விட்டுக்கொடுத்தார். ஆனால் எழுந்து மாறி உட்கார்வதற்குள் பதினொன்றாவது வளைவு வந்துவிட்டது. மேலே சொல்ல விரும்பவில்லை. என் சட்டை போயிற்று. அவர்மேல் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை என்பது அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அவர் முகம் சுளிக்கவில்லை. தன் பையைத் திறந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தார். "போட்டுக்கோங்கோ. நான் வேற வச்சிருக்கேன்." மாஸ்டரின் வட்டத்தில் சிநேகிதர்களும் வருவார்கள் என்பது ஞாபகம் வந்து, கண் கலங்கிவிட்டது. பித்தானைப் போட்டு முடித்தபோது முன் சீட்டில் இருந்த அவருடைய அம்மா திரும்பினாள். மடியில் பூ, பழம், வெற்றிலைத் தட்டு.

"மலைல ஹெட் கிளார்க் சிவராமன்னு ஒருத்தர். அவாத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோம். உங்களுக்கு வழி தெரியுமோ?"

மகனுடைய சட்டை என் உடம்பில் இருந்தது. "தெரியும்" என்றேன். (தெரியாது.)

"அப்ப எங்களைக் கொண்டு விட்டுடுங்கோ" என்றார் சட்டைக்காரர். பெயர் சங்கரன். என்ஜினீயர்தான். எனக்கு வராமலே போன வழிகாட்டியாக நானே அவருக்கு ஆகிவிட்டேன்.

மேலே ஒரே மூடுபனி. கைநீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் முன்னால் நடக்க, பட்டுப்புடவையும் தட்டுமாக அவர்கள் பின்னால் வந்தார்கள். கால் மணி நேரம் நடத்தி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கூலிலயன் வாசலில் கொண்டு நிறுத்தினேன். கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிளார்க்கய்யா வீடா? அந்தா மேல இருக்கு. நீங்க வந்த வழியிலதான்" என்றாள்.

சிவராமன் மாமா வாசலில் கைகூப்பி நின்றார். சங்கரனைப் பார்த்து முகம் மலர்ந்தது. அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு உறவாக்கும்?" என்று சங்கரனின் அம்மாவைக் கேட்டார்.

"உங்களுக்கு உறவுன்னு நினைச்சேன்" என்றாள் அந்த அம்மாள்.

கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வழியெல்லாம் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். "மேற்படி" அன்று போலவே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பையிலிருந்து நோட்டை எடுத்து, வட்டம் போட்ட பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். படித்தால் புரிந்துகொள்வார், மனசுக்குள் படிப்பார் என்று நம்பினேன். ஆனால் அவர் ஹெட் கிளார்க். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் எஸ்டேட் துரைக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தே பழகினவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒன்று. சாதாரண உலகம். அம்மா, வலியசாலை, ரசம். இரண்டு. அழைப்பு. வசந்தா." இங்கே தொண்டையைச் செருமினார். "மூன்று. மறுப்பு. கட்டாயம். பயப்படாமல் செய்யவும். இரண்டாம் தடவை கேட்பார்கள்." நோட்டைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "நாலு. வழிகாட்டி. இன்னும் வரவில்லை. ஐந்து. வாசல் காக்கும் அரக்கன்."

நிறுத்தினார். பிறகு, ஹெட் கிளார்க்காக இருந்ததால், பாக்கியையும் வாசித்தார். "சிவராமன் மாமா. பார்வைக்கு சாது."

சங்கரனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாக முடிந்தது. அவர் அம்மா முறைத்தாள். நான் தரை பிளக்குமா என்று பார்த்தேன். எஸ்டேட்காரர்கள் கட்டின தரை, கெட்டியாக இருந்தது.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வசந்தா வந்தாள். தலை நிறையப் பூவும் வேறொருவருக்காக உடுத்திய பட்டுப்புடவையுமாக. அப்பா கையிலிருந்து நோட்டை வாங்கிப் பக்கத்தை முழுக்கப் படித்தாள்.

"ஒன்பது. பரிசு. வசந்தா" என்று கடைசியில் வாசித்தாள். "நான் பரிசாக்கும்?"

அவள் விரலை வட்டத்தில் பின்னோக்கி ஓட்டினாள்.

"ரெண்டாவதுல நான் அழைப்பு. ஒன்பதாவதுல பரிசு. நடுவுல ஆறு படி நீங்க எங்கெல்லாமோ போறேள். அந்த ஆறு படிக்கு நான் எங்க போனேன்?"

"தெரியாது" என்றேன். அதுதான் அன்று என் வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

"எழுதினவருக்கே தெரியலை" என்று சொல்லி நோட்டோடு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு நாக்கு திரும்பி வந்தது. "மாமா, எனக்கு சம்மதம்."

"நாங்க இப்ப ஒண்ணும் கேக்கலையே" என்றார் மாமா, மரியாதையாகவே.

இதற்குமேல் அங்கே எனக்கு என்ன வேலை? ஆனால் திரும்புகிற பஸ் இரண்டு மணிக்குத்தான். வெளியே பனி. வந்தவனை வெளியே நிறுத்துகிற மனசு அந்த வீட்டுக்காரர்களுக்கு இல்லை. ஆகவே, நான் கட்ட ஆசைப்பட்ட பெண்ணை இன்னொருவர் பெண் பார்த்த வைபவத்தை, அவர் சட்டையிலேயே, மூலை நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். எனக்கும் சொஜ்ஜி கொடுத்தார்கள். பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். வசந்தா சங்கரனிடம் பஸ்ஸில் தலை சுற்றுமா என்று கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று கணக்குப் போட்டுப் போட்டு என் தலைதான் சுற்றியது.

கடைசியில் காப்பி வந்தது. (தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் இருந்தும் அந்த வீட்டில் காப்பிதான்.) எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"காப்பி வேணுமா?"

"வேண்டாம்" என்றேன். நான் சொல்லவில்லை, இருபத்தேழு வருஷ வலியசாலை சொன்னது.

அவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. டம்ளரோடு திரும்பி நடந்தாள். பதினைந்து நாளைக்கு முன்னால் கோட்டைக்குள் வீட்டில் பார்த்த அதே முதுகு. அது அடுக்களைக்குள் மறைந்தால் ஆயுசுக்கும் திரும்பாது என்று தெரிந்தது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"நில்லுங்கோ" என்றேன். வீடு அதிர்ந்தது. "காப்பி இருக்கட்டும். உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. அன்னிக்கே ஆசை. வேண்டாம்னு சொன்னது பொய். தலை சுத்தாதுன்னு சொன்னதும் பொய். இந்தச் சட்டைகூட என்னுது இல்லை."

அவள் திரும்பி என்னையும் சட்டையையும் பார்த்தாள். "காப்பி ஆறிடும்" என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

இரண்டு மணி பஸ்ஸில் அதே சங்கரன், அதே அம்மாள், அதே இருபத்திரண்டு வளைவு. அம்மாள் கீழே இறங்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. சங்கரன் மட்டும் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார்.

பதினோராம் நாள் சிவராமன் மாமா கையெழுத்தில் லெட்டர் வந்தது. "நாகர்கோவில்காரர்களிடம் வசந்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவைதான் சொன்னாள். உங்கள் உத்தேசம் அன்று சொன்னதுதான் என்றால் ஒரு வரி எழுதவும். இப்படிக்கு, அரக்கன், பார்வைக்கு சாது." அக்கா அதைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டினாள். கல்யாணத்துக்கு சங்கரன் வந்திருந்தார். வந்தவர் ஆசீர்வாதம் பண்ணுகிற வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "சட்டையை வாங்கிண்டு போலாம்னு வந்தேன்" என்றார். இன்றுவரை சிநேகிதர்.

எங்கள் வீட்டில் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். விருந்தாளிகளுக்கும் இதுவே சட்டம். எங்கள் பெண்ணைப் பார்க்க வந்த பையனை, "இந்தாத்துல ரெண்டாம் தடவை கேக்கமாட்டா, ஜாக்கிரதை" என்று யாரோ முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்கள். பாவம், கேட்டதற்கெல்லாம் வேணும் வேணும் என்று சொல்லி பதினான்கு பஜ்ஜி சாப்பிட்டார். அவர்தான் எங்கள் மாப்பிள்ளை. இப்போதும் அவரைப் பார்த்தால் பேரன் பேத்திகள் பதினாலு என்றுதான் சொல்லுகிறார்கள்.

போன வாரம் இதை எழுதி முடித்து வசந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்த ஆறு படிக்கு நான் எங்க போனேன்னு அன்னிக்குக் கேட்டேனே. இத்தனை வருஷத்துல நீங்க அதைத் திருப்பிக் கேக்கவே இல்லை" என்றாள்.

"எங்க போனே?"

"பஸ் ஸ்டாப்புக்கு. அந்தப் பதினஞ்சு நாளும், பஸ் வர நேரத்துக்கு அங்க வரைக்கும் நடந்து போவேன். இறங்கறவாளைப் பாத்துட்டுத் திரும்பி வருவேன். அந்த ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போகலை. புடவை கட்டி உக்காத்தி வச்சுட்டா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் எழுந்து அடுக்களைப் பக்கம் போனாள். பாதி வழியில் நின்று, "காப்பி" என்று ஆரம்பித்தாள்.

"வேணும்" என்றேன்.